டிரெய்லரை உயர்த்தலாமா? எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

நான்: எல்லோருக்கும் வணக்கம். நம் மூன்று வீட்டுக்கும் பொதுவாக இருக்கிற ஆறடிக்கு நாலடி டிரெய்லரை, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிறோமே அதை, கொஞ்சம் உயர்த்தலாம் என்று பார்க்கிறேன். என் புது ஹைலக்ஸ் பிக்கப்பில் மாட்டினால் மூக்கு, அதாவது வண்டியோடு மாட்டும் முன்நுனி, மேலே போய் வால் தாழ்ந்து நிற்கிறது, வாசல் சரிவில் ஏறும்போது பின்கதவுக் கீல் தரையில் உரசுகிறது. மெல்போர்னுக்கு மேற்கே பாக்கஸ் மார்ஷில் அக்கா வீட்டு மண்பாதையில் நடுமேடு, சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலில் இடிக்கிறது. 13 அங்குலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு 14 போட்டால் ஒரு அங்குலம் தூக்குமா?

மாமா (வெரிபி): ரிம் அளவை வைத்துக் கணக்குப் போடாதே மாப்பிள்ளை. டயரோடு சேர்த்து மொத்த விட்டம் எவ்வளவு என்று பார், அதிலும் பாதிதான் உனக்கு உயரமாகக் கிடைக்கும், மீதிப் பாதி மேல்பக்கம் மட்கார்டை நோக்கிப் போய்விடும்.

நான்: இப்போது இருப்பது 155 ஆர் 13 (155 மில்லிமீட்டர் அகலம், 13 அங்குல ரிம்), விட்டம் 578 மில்லிமீட்டர். பார்த்து வைத்திருப்பது 185 ஆர் 14 சி, அது 650 சொச்சம்.

மாமா (வெரிபி): அப்போது வித்தியாசம் 73, பாதி 37 மில்லிமீட்டர். ஒன்றரை அங்குலம் என்று வைத்துக்கொள்.

மச்சான்: அதுக்கு ஏன் டயருக்குக் காசு? ஆக்சிலுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் 50 மில்லிமீட்டர் சதுரக் குழாய்த் துண்டு வைத்து, நீளமான யூ போல்ட் போட்டு இறுக்கினால் முடிந்தது. இங்கே பக்கத்துப் பண்ணைக்காரர் அப்படித்தான் செய்திருக்கிறார், பெட்டி நல்ல உயரத்தில் நிற்கிறது.

சித்தப்பா (நாமக்கல்): இப்போதுதான் பார்த்தேன். தம்பி, முதலில் ஒன்று சொல், பட்டை ஆக்சிலுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? ஒரு போட்டோ போடு.

நான்: மேலேதான் சித்தப்பா. 40 மில்லிமீட்டர் சதுர ஆக்சில், அதன் மேல் பட்டை செட்டு. போட்டோ போட்டிருக்கிறேன்.

சித்தப்பா (நாமக்கல்): சரி. கீழே தொங்கும் பட்டையாக இருந்தால் ஆக்சிலைப் பட்டைக்கு அடியில் மாற்றச் சொல்லியிருப்பேன், ஆக்சில் கனமும் பட்டைக்கட்டின் கனமும் சேர்ந்து அறுபது சொச்சம் மில்லிமீட்டர் கிடைக்கும். உன்னுடையதில் அந்த வழி ஏற்கெனவே முடிந்துபோனது. இனி மச்சான் சொன்ன துண்டு அல்லது சக்கரம், இரண்டுதான். இரண்டும் ஒரே வேலையைச் செய்யாது, அதை நன்றாகப் புரிந்துகொள். துண்டு வைத்தால் பெட்டி மட்டும் உயரும், ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும், ஏனென்றால் ஆக்சில் எப்போதும் சக்கரத்தின் நடுவில்தான் நிற்கும். மண்பாதையில் இடிப்பது ஆக்சில்தானே? அதைத் தரையிலிருந்து தூக்க விட்டம் பெரிய டயரைத் தவிர வேறு வழி இல்லை.

அக்கா: எனக்குப் பெட்டி இப்போது இருக்கும் உயரமே போதும் சித்தப்பா. தள்ளுவண்டியில் உரத்தைப் பலகை வைத்து ஏற்றுகிறேன், பெட்டி இன்னும் ஏறினால் பலகை செங்குத்தாக நிற்கும், என்னால் தள்ள முடியாது.

மாமா (வெரிபி): அக்கா சொல்வது முக்கியம். இன்னொன்று, இது மூன்று வீட்டு டிரெய்லர். என் கேம்ரி காரில் டோ பால், அதாவது டிரெய்லர் மூக்கு உட்காரும் பந்து, அதன் நடுப்புள்ளி தரையிலிருந்து 400 மில்லிமீட்டர். மாப்பிள்ளை, உன் ஹைலக்ஸில் எவ்வளவு என்று சமதரையில் நிறுத்தி அளந்து சொல். பெட்டி மேல் ரசமட்டம் வைத்து, மட்டமாக இருக்கும்போது டிரெய்லரின் மூக்கு உயரத்தையும் அள.

நான்: அளந்துவிட்டேன். ஹைலக்ஸ் பந்து 510. டிரெய்லர் மட்டமாக இருக்கும்போது மூக்கு 400, அதாவது மாமா காருக்குச் சரியாக இருக்கிறது.

மாமா (வெரிபி): பார்த்தாயா, வால் உரசுவதற்குக் காரணம் அங்கே இருக்கிறது. பந்திலிருந்து ஆக்சில் வரை 2.2 மீட்டர், ஆக்சிலிலிருந்து வால் வரை 80 சென்டிமீட்டர். முன்னால் 110 மில்லிமீட்டர் தூக்கினால் பின்னால் 40 இறங்கும். இது வாசல் சரிவோடு முடிகிற விஷயம் இல்லை. மூக்கு தூக்கி நின்றால் பந்தின் மேல் விழுகிற எடை குறையும், ஈரமண் பின்னால் சரியும், வெஸ்டர்ன் ஃப்ரீவே நெடுஞ்சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டரில் போகும்போது வால் ஆட ஆரம்பித்துவிடும். பின்சீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அப்படி ஓட்டக் கூடாது, இதை நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

நான்: பந்தைத் தாங்குகிற டோ பார் நாக்கு இப்போது மேல்பக்கம் வளைந்து இருக்கிறது மாமா. பின்னைக் கழற்றி நாக்கைத் திருப்பிப் போட்டு, பந்தை மறுபக்கம் மாட்டினால் 430க்கு இறங்கும்.

மாமா (வெரிபி): அப்புறம் என்ன! பெரிய சக்கரம் போட்டால் டிரெய்லர் மூக்கு 437. ஹைலக்ஸ் 430, கிட்டத்தட்ட மட்டம். என் கார் 400, மூக்கு இத்தனூண்டு தாழும், அது நல்லதுதான். துண்டும் வைத்திருந்தால் 487 ஆகியிருக்கும், என் காரில் மாட்டினால் டிரெய்லர் குனிந்து போகும்.

மச்சான்: அப்போது துண்டு வேண்டாம். ஆனால் 185 டயர் மட்கார்டில் தட்டாதா?

சித்தப்பா (நாமக்கல்): நல்ல கேள்வி மாப்பிள்ளை. வெறும் வண்டியில் பார்த்து ஏமாறக் கூடாது. முழுப் பாரம் ஏற்றி, டயர் உச்சிக்கும் மட்கார்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளக்க வேண்டும்.

நான்: வெறும் வண்டியில் 95 இருக்கிறது. போன தடவை மணல் ஏற்றியபோது 55 இருந்தது.

சித்தப்பா (நாமக்கல்): 55இல் 37 போனால் 18. குழியில் விழுந்தால் டயர் தட்டும், தட்டினால் புகைந்து கிழியும். மட்கார்டை வெட்டி எடுத்து 50 மில்லிமீட்டர் மேலே வைத்து வெல்டு பண்ணு. டயர் தூக்கும் 37க்கு மேல் பெட்டி உயராது, பாப்பாவின் பலகையும் பெரிதாக மாறாது. வெல்டு அடிக்கும்போது எர்த் கிளாம்பை மட்கார்டு பக்கத்திலேயே மாட்டு, சக்கரத்தின் பக்கம் மாட்டாதே, மின்சாரம் பேரிங் வழியாகப் போனால் உருளை எல்லாம் புள்ளி விழுந்துவிடும். லாரிப் பட்டறையில் புதுப் பையன்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதுதான். டயரின் உள்பக்கத்தையும் பார், அது 30 மில்லிமீட்டர் அகலம் கூடுதல், பட்டையை உரசக் கூடாது.

மச்சான்: இங்கே ஒருவர் பழைய 14 அங்குல ரிம் டயரோடு மலிவாகக் கொடுக்கிறேன் என்கிறார், ஐந்து போல்ட். எடுத்துவிடட்டுமா?

மாமா (வெரிபி): அவசரப்படாதீர்கள். ஐந்து போல்ட் என்பது மட்டும் போதாது. ஆஸ்திரேலியாவில் டிரெய்லர் ஹப்பில், அதாவது ரிம் மாட்டும் சக்கர நடுவில், போல்ட்கள் நிற்கும் வட்டம் பல விட்டத்தில் வரும், எச்டி ஹோல்டன் கார் வகை என்றால் 108 மில்லிமீட்டர், ஃபோர்டு வகை என்றால் 114.3. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், நட்டும் இரண்டு சுற்று ஏறும், ஆனால் ரிம் நடுவில் உட்காராது, ஓட ஓட போல்ட் முறியும். பக்கத்துப் பக்கத்து போல்ட் இரண்டின் நடுவுக்கு நடுவே அளந்தால் தெரிந்துவிடும். 63.5 வந்தால் 108, 67 வந்தால் ஃபோர்டு.

நான்: நம் ஹப்பில் 63.5 மாமா.

மச்சான்: அவரிடம் கேட்டேன், அவருடையது 67. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னொரு சந்தேகம், புது டயர் ஒவ்வொன்றும் 850 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறதே, அப்போது ஒரு கன மீட்டர் மண் ஒரே நடையில் கொண்டுவரலாமா?

மாமா (வெரிபி): கூடவே கூடாது. டயர்தான் பெரிதாகிறது, ஆக்சிலும் பேரிங்கும் பட்டையும் பழையதுதான், டிரெய்லர் தகட்டில் பொறித்திருக்கிற மொத்த எடை 750 கிலோ மாறாது. 750ஐத் தாண்டினால் இங்கே டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும் என்பது சட்டம், நம்முடையதில் பிரேக்கே இல்லை. டிரெய்லர் எடையே 250 போய்விடும், மீதி 500. ஈரமண் ஒரு கன மீட்டர் ஒரு டன்னுக்கு மேல் வரும், ஆகவே மூன்றில் ஒரு பங்கு ஏற்றினால் போதும், கடைக்காரரிடம் எடையைக் கேட்டு ஏற்றுங்கள்.

அக்கா: ஸ்டெப்னி? அதையும் மாற்ற வேண்டும் அல்லவா? நடுவழியில் சின்னச் சக்கரம் ஒரு பக்கம், பெரியது ஒரு பக்கம் என்று நிற்க முடியாது.

நான்: ஆமாம் அக்கா, மூன்றாக வாங்கப் போகிறேன். காற்று எவ்வளவு வைப்பது சித்தப்பா?

சித்தப்பா (நாமக்கல்): டயரில் எழுதியிருக்கிற உச்ச அளவு 850 கிலோவுக்கானது. உன் பாரம் ஒரு சக்கரத்துக்கு 375கூட வராது, முழுக்க அடித்தால் வெறும் வண்டி பந்துபோலக் குதிக்கும். டயர் கம்பெனியின் பாரப் பட்டியலைக் கடையில் கேட்டு அதன்படி வை. சக்கரம் கழற்றும்போதே ஹப் பேரிங்கைத் திறந்து பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக வைத்துவிடு, சீலையும் மாற்று. நட்டைக் குறுக்குக் குறுக்காக இறுக்கு, 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்கு, இதை மறக்காதே.

மாமா (வெரிபி): சனிக்கிழமை காலை டிரெய்லரை இங்கே கொண்டுவா, வெல்டிங் மெஷின் என்னிடம் இருக்கிறது. மட்கார்டு வேலை முடிந்த பிறகு டயர் கடைக்குப் போகலாம்.

அக்கா: மாமா, ஞாயிற்றுக்கிழமை எனக்கு வைக்கோல் கட்டு எடுக்க டிரெய்லர் வேண்டும், அதற்குள் முடியுமா?

மாமா (வெரிபி): முடியும்மா. பெயிண்ட் மட்டும் காய்ந்திருக்காது, மட்கார்டில் கை வைக்காதே.