கலாக்ஷேத்ரா காலனில பழைய ஃபிளாட், இந்த விலை குடுக்கலாமா?

பெருங்குடிவாசி:
வணக்கம். இப்ப சென்னை பெருங்குடில வாடகைக்கு இருக்கோம், வேலை ஓஎம்ஆர்ல (பழைய மகாபலிபுரம் ரோடு). பெசன்ட் நகர் கலாக்ஷேத்ரா காலனில ஒரு 2 பெட்ரூம் ஃபிளாட் ரீசேலுக்கு வந்துருக்கு, 80கள்ல கட்டுன பில்டிங், மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவங்க கேக்குற காசுக்கு எங்க ஏரியாவுல ஜிம், நீச்சல் குளத்தோட புது 3 பெட்ரூமே வாங்கிடலாம். ஆனா அந்தத் தெருவப் பாத்ததுல இருந்து என் மனைவிக்கு வேற எந்த வீடும் புடிக்கல, எனக்கும்தான். பக்கத்து மெயின் ரோடு, எல்பி ரோட்டுல அவ்ளோ நெரிசல், உள்ள வந்தா ஹாரன் சத்தமே இல்ல. அமைதிக்காக இவ்ளோ குடுக்கலாமா, பின்னாடி வித்தா விலை நிக்குமா? அங்க இருக்கவங்க சொல்லுங்க.

கடலோரத் தெரு:
நான் இங்க ரொம்ப வருஷமா இருக்கேன். அமைதி எங்கேருந்து வருதுன்னு முதல்ல பாருங்க சார், விலை நிக்குமாங்கறதுக்கு பதில் அதுலதான் இருக்கு. மரம் நிறைய இருக்குறதால மட்டும் இல்ல, இந்த வழியா யாரும் வேற ஊருக்குப் போக முடியாது, அதான் காரணம். கிழக்க கடல், தெற்க கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளி வளாகம், அது சுமார் 100 ஏக்கர், ருக்மிணி தேவி 1936ல ஆரம்பிச்சது 60கள்ல இந்த இடத்துக்கு வந்துச்சு. வடக்க குப்பத்தைத் தாண்டுனா தியசாஃபிகல் சொசைட்டி தோட்டம், 250 ஏக்கருக்கு மேல, 1882ல இருந்து அங்கதான் இருக்காங்க. அதுக்கு அந்தப் பக்கம் அடையாறு ஆத்து முகத்துவாரம், அங்க இருந்த சின்னப் பாலமும் 1977ல உடைஞ்சது உடைஞ்சதுதான், கட்டவே இல்ல. அதனால மயிலாப்பூர்ல இருந்து திருவான்மியூர் போறவங்க எல்லாரும் எல்பி ரோட்டோட போயிடுறாங்க, இங்க வர்றது இங்க வேலை இருக்கவங்க மட்டும்தான்.

இதுல நீங்க யோசிக்க வேண்டியது, இந்த அமைதியக் காக்குற இடம் எதுவும் நம்ம பத்திரத்துல கிடையாது. கலங்கரை விளக்கத்துல இருந்து கொட்டிவாக்கம் வரைக்கும் கடலோரமா உயர்மட்ட சாலை போடுறதா ஒரு திட்டம் வந்துச்சு, குப்பத்து மீனவ மக்கள் கடுமையா எதிர்த்தாங்க, இங்க குடியிருக்கவங்களும் எதிர்த்தோம். அந்தப் பேச்சு அப்பப்ப திரும்ப எழும். அப்படி ஒண்ணு வந்தா நீங்க காசு குடுத்து வாங்குனதே போயிடும். அதனால குப்பத்து ஜனங்க கடற்கரைக்காக நிக்கும்போது நாமளும் கூட நிக்கணும், நான் மனசாரச் சொல்றேன்.

அப்புறம் சனி ஞாயிறு சாயங்காலம் ஒரு தடவை வந்து பாருங்க, பீச்சுக்கும் அஷ்டலட்சுமி கோயிலுக்கும் வர்ற வண்டி எல்லாம் எங்க நிக்குதுன்னு தெரியும். வேளாங்கண்ணி மாதா திருவிழா ஆகஸ்ட் 29ல இருந்து செப்டம்பர் 8 வரைக்கும், அந்த நாள்ல கூட்டம் ரொம்ப ஜாஸ்தி.

பத்திரம் பாக்குறவன்:
மேல சொன்னது சரி. விலைய மட்டும் நான் சொல்றேன். பழைய ஃபிளாட்ல நீங்க வாங்குறது சுவர இல்ல, யூடிஎஸ்ஸத்தான், அதாவது பில்டிங் இருக்குற நிலத்துல உங்களுக்கு வர்ற பிரிக்காத பங்கை. மூணு மாடி பில்டிங்ல ஒவ்வொருத்தருக்கும் வர்ற நிலப் பங்கு பெரிசா இருக்கும், ஓஎம்ஆர் டவர்ல அது ரொம்ப சின்னதாயிடும், கட்டடத்துக்கு வயசாக ஆக மதிப்பு குறையும் நிலத்துக்கு குறையாது. அதனால ரெண்டு வீட்டையும் சதுர அடிய வச்சு ஒப்பிடாதீங்க, யூடிஎஸ்ஸ வச்சு ஒப்பிடுங்க. வாடகைக்கு விட்டு சம்பாதிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, இந்த மாதிரி ஏரியாவுல போட்ட காசுக்கு வருஷத்துக்கு 2, 3 சதவீதம் வந்தாலே பெரிய விஷயம்.

முன்னாடியெல்லாம் இடிச்சுக் கட்டணும்னா எல்லா ஓனரும் ஒத்துக்க வேண்டியிருந்துச்சு, இப்ப 2022 அபார்ட்மென்ட் சட்டப்படி மூணுல ரெண்டு பங்கு ஓனர்ங்க சம்மதிச்சாப் போதும். ஆனா கடல் உயர் அலைக் கோட்டுல இருந்து 500 மீட்டருக்குள்ள இருந்தா கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அதுக்குத் தனியா அனுமதி வாங்கணும், எந்தத் தெரு, ஏற்கனவே ரோடு எந்தப் பக்கம் இருக்குங்கறதெல்லாம் பாப்பாங்க. பில்டரோட சேந்து இடிச்சுக் கட்டலாம்னு புரோக்கர் "ஜாயின்ட் வென்ச்சர் வரும் சார்"னு சொல்றத நம்பி விலை ஏத்திக் குடுக்காதீங்க. 30 வருஷ வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்க. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம், இதையும் கணக்குல வைங்க.

சிவில்_கணேசபுரம்:
கட்டடத்த ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் இல்லாம வாங்காதீங்க ப்ரோ. உப்புக் காத்து உள்ள இருக்குற கம்பிய அரிச்சிடும், கம்பி துருப்பிடிச்சு உப்பி சீலிங் காங்கிரீட் பேந்து விழும், மேல பெயின்ட் அடிச்சு மறைச்சிருப்பாங்க. பால்கனி அடிப்பக்கம், பாத்ரூம் சீலிங், மொட்டை மாடி டேங்குக்குக் கீழ இருக்குற பீம் மூணையும் தட்டிப் பாக்கச் சொல்லுங்க. கிணத்துத் தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க, மழைநீர் சேகரிப்பு ஒழுங்கா வேலை செய்யுதான்னு அசோசியேஷன்ல கேளுங்க, கடல் பக்கத்துல அது இல்லன்னா தண்ணி உப்பாயிடும். பேங்கும் கட்டடத்துக்கு இன்னும் எத்தன வருஷம் ஆயுசுன்னு பாத்துதான் லோன் காலத்த முடிவு பண்ணும், அத முன்னாடியே பேசிடுங்க.

பெருங்குடிவாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. யூடிஎஸ் 520 சதுர அடின்னு பத்திரத்துல இருக்கு. எங்க அப்பா அம்மாவும் கூட இருப்பாங்க, மூணாவது மாடி அவங்களுக்கு ஏற முடியுமான்னுதான் இப்ப யோசனை.

கடலோரத் தெரு:
பெரியவங்க இருந்தா மூணாவது மாடி வேண்டாம் சார். வெளிப்புறமா லிஃப்ட் வைக்க இடம் இருக்கா, மத்த வீட்டுக்காரங்க காசு போடுவாங்களான்னு அசோசியேஷன்ல எழுத்துல வாங்குங்க, இல்லன்னா இதே காலனில கீழ் வீடு வர்ற வரைக்கும் காத்திருங்க, அடிக்கடி வராது ஆனா வரும்.