பிசிஸ்ட்ராட்டஸ் நல்லதுதான செஞ்சாரு, அப்புறம் ஏன் கொடுங்கோலர்?

மன்னை_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் நான், கரஸ்ல எம்.ஏ. ஹிஸ்டரி பண்றேன். கிரேக்க பேப்பர்ல ஒரு விஷயம் மண்டையில ஏறவே மாட்டேங்குது. ஏதென்ஸ் பிசிஸ்ட்ராட்டஸ் இருக்காருல்ல, கி.மு. 561 வாக்குல தன்னைத்தானே காயப்படுத்திக்கிட்டு வண்டிய ஓட்டிட்டு நேரா சந்தைக்கு வந்து 'எதிரிங்க என்னைய கொல்லப் பாத்தாங்க'ன்னு சீன் போட்டு, பாதுகாப்புக்குன்னு தடிக்காரங்கள வாங்கி, அதே ஆளுங்கள வச்சு ஊருக்கு நடுவுல இருக்குற மேட்டுக்கோட்டை அக்ரோபோலிஸ புடிச்சவரு. ரெண்டு தடவ தொரத்தியும் திரும்பி வந்துட்டாரு. ஃபிராடுதான், ஒத்துக்கிறேன். ஆனா அப்புறம் பாத்தா ஏழை விவசாயிக்கு கடன் குடுத்திருக்காரு, அவருக்கு முன்னாடி சோலோன் போட்ட சட்டத்த தூக்கல, கி.மு. 527ல நோய்ல சாகுற வரைக்கும் ஆண்டிருக்காரு. இதுல கொடுங்கோல் எங்க இருக்கு? அப்ப குடிமக்கள்னு சொல்றாங்களே, அவங்கள்லாம் என்ன பண்ணிட்டு இருந்தாங்க? விளக்கமா சொன்னா புண்ணியமாப் போவும்.

திருவையாறு_வாத்தியார்:
தம்பி, நீங்க அந்த கடன் விஷயத்துலயே நின்னு கொஞ்சம் உத்துப் பாருங்க. அரிஸ்டாட்டில் பேர்ல வர்ற ஏதென்ஸ் அரசமைப்பு நூல்ல எதுக்கு கடன் குடுத்தாருன்னும் எழுதிருக்கு. ஜனங்க டவுனுக்குள்ள வந்து கும்பல் கூடாம வயக்காட்டோட கெடக்கணும், ஓரளவு வசதியா தன் வேலையப் பாத்துக்கிட்டு இருந்தா பொது விஷயத்துல தலையிட நேரமும் இருக்காது ஆசையும் வராதுன்னு கணக்கு. வெளைஞ்சா வரியும் வரும். கிராமம் கிராமமா நீதிபதிய அனுப்புனதும் இதே கணக்குதான், வழக்குன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தனும் ஏதென்ஸ் பக்கம் வந்துடக் கூடாது.

அதே நூல்ல இன்னொன்னு வரும், எனக்கு கிளாஸ்ல சொல்ல ரொம்பப் புடிச்ச எடம். எல்லாரையும் ஆயுதத்தோட வரச் சொல்லி கூட்டம் போடுறாரு. பேச ஆரம்பிச்சா கொரலே வரல. கேக்கலைங்க கேக்கலைங்கன்னு கத்துறாங்க, 'சரி அக்ரோபோலிஸ் வாசலுக்கிட்ட வாங்க, நல்லா கேக்கும்'னு கூட்டிட்டுப் போறாரு. இவரு அங்க நின்னு இழுத்து இழுத்துப் பேசிட்டு இருக்க, இவரோட ஆளுங்க ஆயுதத்த பூராவும் அள்ளிட்டுப் போயி பக்கத்து கட்டடத்துல போட்டு பூட்டிட்டு வந்து கண்ண காட்டுறாங்க. பேச்ச முடிச்சுட்டு நடந்தத அவரே சொல்றாரு, யாரும் பதறாதீங்க, வீட்டுக்குப் போயி உங்க சொந்த வேலையப் பாருங்க, ஊர் வேலைய எல்லாம் நான் பாத்துக்கிறேன்னு. அம்புட்டுதான் தம்பி, நீங்க கேட்ட கொடுங்கோல் இதுதான். அடி ஒத கொல எதுவும் தேவப்படல. 'ஊர் வேலைய நான் பாத்துக்கிறேன்'னுட்டான்.

தாளடி_மாமா:
வாத்தியார் சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நடவுக்கு கைல காசு இல்லாம நிக்கிறவன்கிட்ட போயி கடன் குடுத்தவன் மனசுல என்ன கணக்கு இருக்குன்னு கேட்டா, கணக்கு கெடக்கட்டும் மொதல்ல பணத்த எடுங்கம்பான். அங்க சோலோனுக்கு முன்னால கடன கட்ட முடியலன்னா ஒடம்பையே அடமானம் வச்சு அடிமையா போயிருக்காவ. கி.மு. 594ல சோலோன் அத நிறுத்துனாரு, ஏற்கனவே இருந்த கடனையும் தள்ளுபடி பண்ணாரு, நல்ல மனுசன். ஆனா நெலத்த பிரிச்சுக் குடுக்கல. அடுத்த வெள்ளாமைக்கு வெத எங்கேந்து வரும்? எவன் குடுக்குறானோ அவன் ஆளு. நானா இருந்தாலும் தடியத் தூக்கிட்டு முன்னால போயிருப்பேன்.

குடிமக்கள் என்ன பண்ணாங்கன்னு தம்பி கேக்குது. நம்ம கிராமசபை கூட்டம் அக்டோபர் 2 வருது, அது குறுவ அறுப்பு நேரம், பெல்ட் மெஷின்காரன் மணிக்கு இவ்வளவுன்னு வாடகைய ஏத்திட்டு வயல்ல நிக்கிறான், மேல பாத்தா மேகம் கட்டுது, அப்ப எவன் போயி தீர்மானம் படிக்கிறத கேட்டுட்டு ஒக்காந்திருப்பான். எங்க ஊர்ல நூறு நாள் வேலைக்கு வந்த பொம்பளையாள்ட்ட கையெழுத்து வாங்கித்தான் கூட்டம் நடந்ததா கணக்கு. தொரத்தி விட கொடுங்கோலன்லாம் வேண்டாம், வேலையே தொரத்தி விட்டுரும்.

குடந்தை_அக்கா:
மாமா சொன்னதுக்கு ஏதென்ஸ்காரங்களும் மண்டைய ஒடச்சிருக்காங்க. ஜனநாயகம் வந்த பின்னாடியும் கூட்டத்துக்கு ஆள் வராம சந்தையிலயே வெட்டிக்கத பேசிட்டு நின்னா, ரெண்டு பேர் செவப்பு சாயம் தோச்ச கயித்த ஆளுக்கொரு பக்கம் புடிச்சுக்கிட்டு அப்படியே கூட்டம் நடக்குற நிக்ஸ் மேட்டுக்கு ஓட்டிட்டுப் போவாங்க, துணியில சாயம் பட்டவன் மாட்டுனான். கி.மு. 4ஆம் நூற்றாண்டுல வந்தா காசுன்னே ஆக்கிட்டாங்க, மொதல்ல 1 ஓபோல் (அவங்க ஊரு சின்ன வெள்ளிக்காசு), பின்னாடி 3. கூலி போனாலும் பரவாயில்லன்னு ஏழையும் வரணும்ல.

பையா, குடிமக்கள் எங்க போனாங்கன்னு கேட்டியே, நீ ஒரு சம்பவத்த விட்டுட்ட. அப்பன் செத்த பிறகு மகன் ஹிப்பியாஸ், அவன் தம்பி ஹிப்பார்க்கஸ கி.மு. 514ல வேற ரெண்டு பேரு குத்திக் கொன்னதும் நெஜமாவே கொடூரமா மாறிட்டான், அவன கி.மு. 510ல வெரட்டுனதுல முக்கியமான கை இன்னொரு கிரேக்க நாடான ஸ்பார்ட்டாவோட படை. (கொன்ன ரெண்டு பேருக்கும் செல வச்சு கொண்டாடுனாங்க, கொலைக்குக் காரணம் என்னமோ சொந்தப் பகை.) இது வரைக்கும் ஜனங்க சும்மாதான் இருந்தாங்க. கி.மு. 508ல ஸ்பார்ட்டா ராஜா கிளியோமினிஸ் திரும்ப வந்து, இருந்த சபைய கலச்சுட்டு ஏதென்ஸ் பெரிய வீட்டுக்காரன் இசகோரஸோட ஆளுங்க 300 பேர் கைல ஊர குடுக்கப் பாத்தான் பாரு, அப்ப இசகோரஸுக்கு எதிரா ஜனங்க பக்கம் நின்ன கிளீஸ்தனிஸ் ஊர்லயே இல்ல, தப்பிச்சுப் போயிட்டாரு. தலைவன்னு சொல்ல ஆள் இல்லாம ஜனங்களே அக்ரோபோலிஸ சுத்தி வளைச்சு ரெண்டு நாள் முற்றுகை போட்டு மூணாம் நாள் ஸ்பார்ட்டாகாரன வெளிய அனுப்புனாங்க. அதுக்கப்புறந்தான் கிளீஸ்தனிஸ கூப்பிட்டாங்க, ஜனங்கள 10 குலமா பிரிச்சது, 500 பேர் சபை எல்லாம் அவரு கொண்டு வந்தது. ஏதென்ஸ் ஜனநாயகம்னா எல்லாரும் கிளீஸ்தனிஸ் பேர சொல்லுவாங்க, எனக்கு அந்த மூணு நாள்தான்.

அப்புறம் யாராச்சும் வந்து உத்திரமேரூர் குடவோலைம்பீங்க, அதனால இப்பவே சொல்லிடுறேன். அது காஞ்சிபுரம் பக்கம், நம்ம டெல்டா இல்ல, ஆனா பராந்தக சோழன் காலம். குலுக்கல் போட்டு ஆள எடுக்கறது ரெண்டுலயும் உண்டு. அங்க கால் வேலிக்கு மேல வரி கட்டுற நெலம், சொந்த மனையில வீடு, வேதம் தெரிஞ்சிருக்கணும்னு கேட்டாங்க. ஏதென்ஸ்ல சொத்தே இல்லாதவனும் கூட்டத்துல ஒக்காரலாம், ஆனா பொண்ணுன்னாலும் அடிமைன்னாலும் வெளியூர்லேந்து வந்து குடியேறுனவன்னாலும் எடமே கெடையாது. ரெண்டையும் பாத்து ரொம்ப உருக வேண்டாம்.

மன்னை_பையன்:
அக்கா, வாத்தியார் சார், மாமா எல்லாருக்கும் நன்றி. இன்னொரு டவுட். ஊருக்கு நீதிபதிய அனுப்புறது மக்கள ஒதுக்குற தந்திரம்னா, அப்ப ஜனநாயகம் வந்ததும் அத தூக்கிருக்கணுமே?

திருவையாறு_வாத்தியார்:
நல்லா கேட்டீங்க. கொடுங்கோல் போனதும் அந்தப் பழக்கம் விட்டுப் போயிருந்துச்சு, கி.மு. 453ல ஜனநாயகமே திரும்பக் கொண்டு வந்துச்சு, 30 நீதிபதிங்க ஊர் ஊரா போவாங்க. மராத்தான் பக்கத்து விவசாயி ஏதென்ஸுக்கு நடக்கணும்னா 40 கிலோமீட்டர், தாளடி மாமா கத தான். ஆனா அப்போ அவன் பேரும் சீட்டுக் குலுக்குற லிஸ்ட்ல இருந்துச்சு, அவன் ஊர்லேந்தும் 500 பேர் சபைக்கு வருசா வருசம் ஆள் போச்சு, பெரிய வழக்குல நூத்துக்கணக்கான ஜூரிங்கள்ல ஒருத்தனா அவனும் ஒக்கார முடியும். பரீட்சையில பிசிஸ்ட்ராட்டஸ் பத்தி கேட்டா நல்லவனா கெட்டவனான்னு எழுதாம இந்த நீதிபதி விஷயத்த ரெண்டு காலத்துக்கும் வச்சு எழுதுங்க.

தாளடி_மாமா:
ஒத்துக்கிறேன் வாத்தியாரே, ஆனா அறுப்பு நேரத்துல மட்டும் கயித்த எடுத்துக்கிட்டு என் பக்கம் வந்துறாதீங்க.