ஊர் நூலகத்தில் உலக விவகார வட்டம்: எப்படி நடத்துவது?

மன்னார்குடி வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில், மாதம் ஒரு முறை பன்னாட்டு விவகாரங்களைப் பொதுமக்களுக்கு விளக்கும் கூட்டம் நடத்த எண்ணியிருக்கிறோம். வருபவர்களில் பாதிப்பேர் சாகுபடிக்காரர்கள். மற்றவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களும். சென்ற மாதம் ஒரு பேராசிரியர் உக்ரைன் போரைப் பற்றி ஒன்றரை மணி நேரம் நன்றாகவே பேசினார். ஆனால் கேள்வி கேட்க ஒருவரும் எழவில்லை. கூட்டம் கலைந்து டீக்கடையில் நின்றபோது, பெரியவர் ஒருவர் கண்ணாடி டம்ளரைக் கையில் பிடித்தபடி, “பொட்டாஷ் விலை ஏறினதுக்கும் இந்தச் சண்டைக்கும் சம்பந்தம் உண்டா தம்பி?” என்று தணிந்த குரலில் கேட்டார். அந்தக் கேள்வி கூட்டத்தில் எழுந்திருக்க வேண்டும். லாப நோக்கமற்ற அமைப்புகள் பிற இடங்களில் இதை எவ்வாறு நடத்துகின்றன? கட்சிச் சாயம் படியாமல் காப்பது எப்படி?

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற நூலகர்:
ஐயா, பேச்சாளரை நடுவில் வைத்ததுதான் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. நியூயார்க்கில் 1918இல் தொடங்கப்பட்ட வெளியுறவுக் கொள்கைச் சங்கம், 1954 முதல் ‘பெரும் முடிவுகள்’ என்ற திட்டத்தை நடத்திவருகிறது. ஆண்டுக்குச் சில தலைப்புகளைத் தேர்ந்து, பின்னணியை விளக்கும் ஒரே நூலை எல்லாக் குழுக்களுக்கும் தருகிறார்கள்; உறுப்பினர்கள் அதை முன்கூட்டியே படித்துவிட்டு, நூலகத்திலோ யாரேனும் ஒருவர் வீட்டிலோ கூடி விவாதிக்கிறார்கள். நம் நாட்டில் உலக விவகாரங்களுக்கான இந்தியக் குழு 1943 முதல் இயங்குகிறது என்றாலும், அது டெல்லியில் தன் தலைமையகமான சப்ரு இல்லத்தில் நடத்தும் கருத்தரங்கை மன்னார்குடிக்கு அப்படியே கொண்டுவர முடியாது. லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் என்ற பன்னாட்டு விவகார ஆய்வு நிறுவனம் 1927இல் வகுத்த விதியை மட்டும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்: கூட்டத்தில் கேட்டதை வெளியே பயன்படுத்தலாம், சொன்னவர் யார் என்பதை வெளியிடக் கூடாது. கட்சிக்காரர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊரில், அந்தப் பெரியவர் வாய் திறக்க இது துணை நிற்கும்.

திருவாரூர் விவசாயி:
பெரியவரின் கேள்வியையே முதல் தலைப்பாக வையுங்கள். பொட்டாஷ் உரத்துக்கு நம் நாடு ஏறக்குறைய முழுமையாக இறக்குமதியையே நம்பியிருக்கிறது. உலகச் சந்தைக்குப் பெருமளவில் பொட்டாஷ் அனுப்பும் நாடுகளில் ரஷ்யாவும் பெலாரஸும் அடங்கும். போர் தொடங்குவதற்கு முன்பே, பெலாரஸ் மீது மேற்கு நாடுகள் விதித்த பொருளாதாரத் தடைகளின் தொடர்ச்சியாக, 2022 பிப்ரவரியில் லிதுவேனியா தன் ரயில் வழியே அந்நாட்டுப் பொட்டாஷ் செல்வதை நிறுத்திவிட்டது. அதே மாத இறுதியில் போரும் மூண்டது. ஆகவே போர் ஒன்றே காரணம் என்பதும் பிழை, சம்பந்தமே இல்லை என்பதும் பிழை. யூரியாவின் கதை வேறு. அதற்கு இயற்கை எரிவாயு வேண்டும், அதில் ஒரு பகுதி கத்தாரிலிருந்து கப்பலில் வருகிறது. கத்தாரில் வேலை பார்த்தவர் உங்கள் வட்டத்தில் இருந்தால், அன்று அவரையே பேசச் சொல்லுங்கள்.

நாகப்பட்டினம் ஆசிரியை:
நான் மீனவர் வீட்டுப் பெண். எங்கள் பக்கத்துப் படகு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட செய்தி வந்தவுடன் எல்லோரும் கச்சத்தீவைப் பற்றிப் பேசுகிறார்கள். கச்சத்தீவு இராமேசுவரத்துக்கு எதிரே இருக்கிறது. எங்கள் படகுகள் பலவும் பிடிபடுவதோ கோடியக்கரைக்குத் தென்கிழக்கே. வகுப்பில் கடல் வரைபடத்தை மேசைமீது விரித்து, இந்திய - இலங்கை எல்லைக்கோட்டின்மேல் ஒரு சிவப்பு நூலை மாணவர்களைக் கொண்டே ஒட்டவைத்தேன். தன் தந்தையின் படகு போகும் இடத்தில் விரலை வைத்த ஒரு சிறுவன், நூல் எவ்வளவு அருகில் கிடக்கிறது என்று பார்த்துச் சற்று நேரம் விரலை எடுக்கவே இல்லை.

உங்கள் வட்டத்தில், கடல் எல்லை குறித்து இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974 உடன்படிக்கையையும் 1976 கடிதப் பரிமாற்றத்தையும் தமிழில் வரிவரியாகப் படியுங்கள். முதலாவது, நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் பயண ஆவணமின்றிக் கச்சத்தீவுக்குச் சென்றுவர இடமளிக்கிறது. இரண்டாவது, ஒரு நாட்டுப் படகுகள் மற்ற நாட்டுக் கடற்பரப்பில் மீன்பிடிக்கக் கூடாது என்கிறது. இலங்கை 2017இல் இழுவைமடி மீன்பிடிப்பைத் தடைசெய்ததையும், நம் விசைப்படகுகளால் வலை அறுபடுகிறது என்று முறையிடும் யாழ்ப்பாணத்து மீனவர்களும் தமிழர்களே என்பதையும் அதே கூட்டத்தில் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் இதைச் சொல்வது எளிதன்று. நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மன்னார்குடி வாசகர்:
அனைவருக்கும் நன்றி. சம்பா நடவு முடிந்ததும் பொட்டாஷில் தொடங்குகிறோம். இரண்டு பக்கக் குறிப்பை ஒரு வாரம் முன்னதாகவே கொடுத்துவிடுவோம். செலவுக்கு உறுப்பினர் சந்தா மட்டும். வரவு செலவை நூலகப் பலகையில் ஒட்டுவோம். அம்மா, அடுத்த கூட்டத்துக்குத் தாங்கள் அந்த வரைபடத்துடன் வர இயலுமா? பேருந்துச் செலவு எங்களுடையது.