இரண்டு செப்பாங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ள வழி உண்டா? (அசெட்டோ கோர்சா, கன்டென்ட் மேனேஜர்)

செந்தூல்வாசி:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா மலேசியாவின் செப்பாங் பந்தயத் தளத்தில் மார்ஷலாக (ஓரத்தில் நின்று கொடி காட்டுபவர்) நின்றவர். 1999-இல் முதல் ஃபார்முலா ஒன் நடந்தபோதும் நின்றார். 2017 அக்டோபர் 1-ஆம் தேதி, வெர்ஸ்டாப்பன் ஜெயித்த அந்தக் கடைசிப் பந்தயத்திலும் 15-ஆம் வளைவில் கொடியோடு நின்றார். இப்போது முழங்கால் வலி, வெளியே அதிகம் போவதில்லை. அதனால் போன மாதம் கோலாலம்பூர் லோ யாட் கணினிக் கடைகளில் பழைய ஸ்டீயரிங் செட் ஒன்றை வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் பூட்டிக் கொடுத்தேன். அசெட்டோ கோர்சா என்ற கார்ப் பந்தயக் கணினி விளையாட்டோடு வரும் தளங்களில் செப்பாங் இல்லை. ரசிகர்கள் செய்த கூடுதல் தொகுப்பை, அதாவது மோட் ஒன்றை, தேடி இறக்கினேன்.

அப்பா இரண்டு சுற்று ஒன்றும் பேசாமல் ஓட்டினார். மூன்றாவது சுற்றில் 15-இல் வண்டியை நிறுத்திவிட்டு, "இது பழைய ரோடுய்யா. 2016-ல தார் மாத்தினப்போ உள்பக்கத்தைத் தூக்கிட்டாங்க. இங்க வண்டி வெளியே வழுக்கணும்" என்றார். உள்ளங்கையை மேசைமேல் வைத்து, சுண்டுவிரல் பக்கம் இறங்கும்படி சாய்த்துக் காட்டினார். தேடிப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. புதிய சாலையோடு இருக்கும் மோட் ஒன்றும் கிடைத்தது. ஆனால் பழையதும் வேண்டும் என்கிறார், அதிக வருஷம் நின்றது அங்கேதான் இல்லையா.

தவறு இங்கேதான் நடந்தது. இரண்டு மோடுக்கும் ஃபோல்டர் பெயர் ஒன்றே. நான் கவனிக்காமல் டிராக்ஸ் ஃபோல்டருக்குள் காப்பி செய்துவிட்டேன், ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டது. இப்போது புதிய சாலையும் பழைய சுவரும் கலந்து கிடக்கின்றன. பிட்டிலிருந்து வெளியே வந்தால் வண்டி தரைக்குள் விழுகிறது. இது போதாதென்று போன வாரம் ஒரு கார் தொகுப்பைப் போட்டேன், அது விளையாட்டின் அசல் கார்களின் கோப்புகள் சிலவற்றையும் மாற்றிவிட்டது. வெள்ளிக்கிழமை இரவு நண்பர்களின் சர்வருக்குள் போனால் உடனே வெளியே தள்ளுகிறது.

விளையாட்டைத் திறக்கும் அதன் சொந்த லாஞ்சரை விட்டுவிட்டு, மோடுகளையும் நிர்வகிக்கும் கன்டென்ட் மேனேஜர் என்ற மென்பொருளுக்கு மாறு என்கிறார்கள். மாறினால் இந்தக் குழப்பம் தீருமா? எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்க வேண்டுமா? அப்பாவின் முதல் சுற்றை ரீப்ளேயாகச் சேமித்து வைத்திருக்கிறேன், அது மட்டும் போய்விடக் கூடாது.

பிறை பாலம்:

தம்பி, ரீப்ளே பத்திரமாக இருக்கிறது. ரீப்ளே, செட்டப், ஸ்டீயரிங் அமைப்பு மூன்றும் டாக்குமென்ட்ஸில் உள்ள அசெட்டோ கோர்சா ஃபோல்டரில் இருப்பவை. விளையாட்டையே நீக்கினாலும் அவை போகாது. ஆனாலும் ஒரு பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வை, அப்பா ஓட்டியது.

கன்டென்ட் மேனேஜருக்கு மாறு, ஆனால் ஏற்கெனவே கலந்துபோனதை அது பிரித்துத் தராது. முதலில் வீட்டைக் கூட்டு. கலந்துபோன செப்பாங் ஃபோல்டரைக் கையாலேயே அழித்துவிடு. அந்தக் கார் தொகுப்பில் வந்த புதிய கார்களையும் எடுத்துவிடு. அதன் பிறகு ஸ்டீமில் விளையாட்டுக் கோப்புகளைச் சரிபார்க்கச் சொல். மாறிப்போன அசல் கோப்புகளை அது திரும்ப இறக்கிவிடும், ஆனால் நீ சேர்த்த மோடுகளைத் தொடாது. அதனால்தான் முதலில் கையால் அழிக்கச் சொல்கிறேன். சர்வர் உன்னைத் தள்ளுவதும் இதனால்தான்: உன்னிடம் உள்ள காரின் கோப்பும் சர்வரில் உள்ளதும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறது, வேறாக இருந்தால் விடாது.

அப்புறம் கன்டென்ட் மேனேஜர். அடிப்படை வடிவம் இலவசம், நன்கொடை கொடுத்தால் இன்னும் சில வசதிகள் திறக்கும். முதல் முறை திறக்கும்போது விளையாட்டு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று காட்டினால் போதும். இனிமேல் எந்த மோடையும் பிரித்துக் காப்பி செய்யாதே. ஜிப்போ ரார்-ஓ, அப்படியே இழுத்து அதன் ஜன்னல்மேல் போடு. உள்ளே இருப்பது காரா, தளமா, ஸ்கின்னா (காரின் வெளி வண்ணம்) என்று அதுவே கண்டுபிடிக்கும். அதே பெயரில் ஒன்று ஏற்கெனவே இருந்தால், நிறுவும் முன்பே காட்டும். உன் தலைவலி தொடங்கிய இடமே அதுதானே. வேண்டாத மோடை அழிக்காமல் அணைத்தும் வைக்கலாம், தனி ஃபோல்டருக்கு நகர்ந்துவிடும், வேண்டும்போது திரும்ப வரும். எனக்கு இந்த ஒரு வசதிக்காகவே பழைய லாஞ்சரைத் திறக்க மனம் வருவதில்லை.

மூன்றாம் கியர்:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. இரண்டு செப்பாங் விஷயத்தில் மட்டும் ஒன்று சேர்க்கிறேன். ஒன்றுக்குப் பெயர் மாற்றித்தான் ஆக வேண்டும், நிறுவும் முன்பே ஃபோல்டர் பெயரை மாற்றுங்கள். ஆனால் உள்ளே பாருங்கள்: மாடல்ஸ் என்று தொடங்கும் ஐஎன்ஐ கோப்பு இல்லாவிட்டால், விளையாட்டு, தளத்தின் ஃபோல்டர் பெயரிலேயே உள்ள கேஎன்5 கோப்பை (தளத்தின் 3டி வடிவம் அதில்தான்) தேடும். அந்தக் கோப்பின் பெயரையும் சேர்த்து மாற்றாவிட்டால் தளம் திறக்காது. நான் இதில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

எதன் பெயரை மாற்றுவது என்பதும் முக்கியம். நண்பர்கள் சர்வரில் ஓடுவது எது? அப்பாவின் ரீப்ளே எதில் பதிவானது? சர்வரும் ரீப்ளேயும் தளத்தை அந்தப் பெயரை வைத்துத்தான் தேடும்.

செந்தூல்வாசி:

இரண்டுமே பழைய செப்பாங்தான். அப்படியானால் பழையது தன் பெயரோடு இருக்கட்டும், புதியதன் பெயரை மாற்றுகிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.

செந்தூல்வாசி (இரண்டு நாள் கழித்து):

முடிந்தது. புதியதில் மாடல்ஸ் கோப்பு இல்லை, கேஎன்5-க்கும் பெயர் மாற்றினேன், முதல் முறையிலேயே திறந்தது. பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. ரீப்ளேயும் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை சர்வரும் உள்ளே விட்டது.

அப்பா நேற்று ராத்திரி புதியதில் 15-ஐ ஏழெட்டுத் தடவை எடுத்தார். ஒவ்வொரு தடவையும் வண்டி வெளி ஓரத்துக்கு வழுக்கியது, அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு பழையதைப் போடச் சொன்னார். பாதிச் சுற்றில் திரும்பிப் பார்த்து, "சாயங்காலம் நாலு மணி மழை வராதா இதுல?" என்று கேட்டார். 2009 பந்தயத்தை 33-ஆம் சுற்றில் நிறுத்திய அந்த மழையிலும் நின்றவர் அவர்.

பிறை பாலம்:

அசல் விளையாட்டில் மழையும் இல்லை, இரவும் இல்லை. கஸ்டம் ஷேடர்ஸ் பேட்ச் என்ற இணைப்பு வேண்டும், கன்டென்ட் மேனேஜரை எழுதியவரே எழுதியது. செட்டிங்ஸ் பக்கத்திலிருந்தே நிறுவலாம். மழைக்கு எந்தப் பதிப்பு, எந்த வானிலை மோட் என்பதைத் தனியாகப் பேசுவோம், உன் கணினியில் எந்த கிராபிக்ஸ் கார்டு என்று மட்டும் சொல். அப்பாவுக்கு என் வணக்கம்.