புதுப்பிப்பு: ஸ்பிரேயர் பம்புக்குக் கடைசியில் பிடிஓதான்

மாந்தோப்புக்கு வாங்கும் 600 லிட்டர் இழுவை ஸ்பிரேயரின் பம்பை எதை வைத்து ஓட்டுவது, பிடிஓவா (டிராக்டர் இன்ஜின் சுற்றும் சக்தியைப் பின்னால் வெளியே தரும் தண்டு), ஆயில் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் மோட்டாரா, தனி இன்ஜினா என்று போன மாசம் கேட்டிருந்தேன். பிடிஓவே போட்டாச்சு. என் பழைய டிராக்டரின் ஹைட்ராலிக் சக்தி, கருவிகளைத் தூக்கும் லிஃப்ட்டுக்குத்தான் போதும். மோட்டாரை விடாமல் ஓட்டினால் ஆயில் சூடேறிவிடும். தனி இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊற்ற மனசில்லை. நான் வாங்கிய டயாஃப்ரம் பம்பு, பிடிஓவின் நிமிஷத்துக்கு 540 சுற்றுக்கே செய்தது, நேராக மாட்டியாச்சு. அதிக வேகத்தில் சுற்ற வேண்டிய சென்ட்ரிபியூகல் பம்பு என்றால் வேகம் கூட்ட பெல்ட்டோ கியரோ வேண்டியிருக்கும்.

முதல் நாள் வரிசை முடிவில் திரும்பும்போது ஆக்ஸிலேட்டரைக் குறைத்தேன். பிடிஓ சுற்றும் குறைந்து பிரஷர் கேஜ் முள் படுத்துவிட்டது, நாசிலில் புகை மாதிரி வந்த மருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது. இப்போது ஆக்ஸிலேட்டரைத் தொடுவதில்லை, மெதுவாகப் போக கியரைத்தான் மாற்றுகிறேன்.

பிடிஓவையும் பம்பையும் இணைக்கும் ஷாஃப்ட்டில் துணி சுற்றிக்கொள்ளாமல் இருக்க பிளாஸ்டிக் உறையும் மாட்டிவிட்டேன். தோளில் துண்டில்லாமல் நான் எங்கே தோப்புக்குப் போனேன்!