நமக்குச் சொந்த ஊர், பிள்ளைகளுக்குப் புது ஊர்

மகளுக்கு நாலு வயது, மகனுக்கு ஒன்பது மாதம் ஆனபோது இருவரையும் முதல்முறையாக நாங்கள் பிறந்த நாட்டுக்குக் கூட்டிப் போனோம். நமக்கு அது திரும்பிப் போவது. பிள்ளைகளுக்கு அப்படி இல்லை, அவர்களுக்கு எல்லாமே புதுசு. இது மனதில் இருந்தால் பாதிச் சிக்கல் வராது.

முதலில் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். சுற்றுலா போகிறவர்களைவிடச் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்குத்தான் டைபாய்டு, மலேரியா மாதிரியானவை அதிகம் வருகின்றன. நம் ஊர்தானே என்று பலரும் மருத்துவரைப் பார்க்காமலே கிளம்பிவிடுகிறார்கள், தங்குவதும் அதிக நாள். நமக்குச் சிறுவயதில் ஏதாவது எதிர்ப்புச் சக்தி இருந்திருந்தாலும் மலேரியா விஷயத்தில் நாம் ஊரை விட்டு வெளியே வந்த சில வருடங்களில் அது குறைந்துவிடும், பிள்ளைகளுக்கோ அது இருந்ததே இல்லை. அதனால் கிளம்ப 4 முதல் 6 வாரம் இருக்கும்போதே மருத்துவரைப் பாருங்கள். நாங்கள் இருக்கும் நாட்டில் தட்டம்மைத் தடுப்பூசியை ஒரு வயதுக்கு மேல்தான் போடுவார்கள், ஆனால் பயணம் போகிற 6 முதல் 11 மாதக் குழந்தைக்கு முன்கூட்டியே ஒன்று போடலாம் என்று சொல்லி மகனுக்குப் போட்டார்கள். அது கணக்கில் சேராது, பிறகு வழக்கமான இரண்டையும் போட்டே ஆகவேண்டும். திரும்பி வந்து காய்ச்சல் வந்தால் எங்கே போய் வந்தோம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், மலேரியா சில மாதம் கழித்துக்கூடத் தலைகாட்டும்.

கணவர் பின்னால்தான் வந்தார். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு போவதென்றால் மற்றவரின் சம்மதக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது.

சரி, உறவுக்காரர்கள் விஷயம். பல வருடம் காத்திருந்தவர்கள் பேத்தியைப் பார்த்ததும் அள்ளிக் கொஞ்சத்தான் நினைப்பார்கள், அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் போனில் பார்த்த முகம் நேரில் கை நீட்டி வந்தால் குழந்தை மிரளத்தான் செய்யும். கிளம்பும் முன்பே அம்மாவிடம் பேசினேன், வந்த உடனே தூக்க வேண்டாம், அவளே வரட்டும் என்று. அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் மற்றவர்களிடம் அவரே எடுத்துச் சொல்லிவிட்டார். அப்பா தரையில் உட்கார்ந்து ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துக்கொண்டிருந்தார், இவளைக் கூப்பிடக்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்து திருகாணிகளை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அதற்கப்புறம் தாத்தாவை விட்டு நகரவே இல்லை.

என்னை நிஜமாகவே வருத்தியது "பிள்ளைக்கு நம்ம பேச்சே வரலையே" என்று அவள் காதுபடச் சொன்னதுதான். அவளுக்கு எல்லாம் புரியும், பதில்தான் வேறு மொழியில் வரும். அப்படிச் சொன்னவர்களிடம் அவள் முன்னாலேயே, "அவளுக்கு நல்லாப் புரியுது சித்தி, நீங்க பேசிக்கிட்டே இருங்க" என்றேன். தயவுசெய்து இந்த இடத்தில் பிள்ளைக்காகப் பேசுங்கள், மரியாதை கருதிச் சும்மா இருக்காதீர்கள்.

தினம் ஒரு வீடு என்று அலையாமல் ஒரே வீட்டில் தங்கி, முடிந்தவர்களை அங்கே வரச் சொன்னோம். அண்ணன் பிள்ளைகளோடு நாள் முழுக்க விளையாட நேரம் கிடைத்தது அதனால்தான். அவர்களோடு சண்டை போடுவதற்காகவே மகள் முழு வாக்கியமாகப் பேச ஆரம்பித்தாள், இப்போது வீடியோ அழைப்பில் நான் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அவர்களோடு பேசிக்கொண்டே இருக்கிறாள்.