டிராகனுக்குத் தனி டர்னா, மேலே இருப்பவனோடு ஒரே டர்னா?

தண்டையார்பேட்டை டிஎம்:
போன ஞாயிறு, நான் டிஎம்மாக (கதையையும் எதிரிகளையும் நடத்தித் தீர்ப்பு சொல்பவர்) இருக்கும் எங்கள் மொட்டை மாடி ஆட்டத்தில் ஒரு கேரக்டர் செத்துவிட்டது. எங்கள் தம்பி ஒருவன் ஒன்றரை வருஷமாக ஆடிய எல்ட்ரிச் நைட், வாளோடு கொஞ்சம் மந்திரமும் தெரிந்த போர்வீரன். புத்தகப்படிதான் தீர்ப்பு சொன்னேன். ஆனாலும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

ஆடுவது டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். தம்பி ஏறியிருந்தது இளம் வெண்கல டிராகன், பெயர் வாடை. சண்டையில் யாருடைய டர்ன் எப்போது என்று உருட்டி வரும் எண்தான் இனிஷியேட்டிவ், பெரிய எண்ணுக்கு முதல் டர்ன். பழக்கிய குதிரை என்றால் ஏறியவனுடைய இனிஷியேட்டிவிலேயே அதுவும் நகரும். ஆனால் டாஷ் (கூடுதல் ஓட்டம்), டிஸ்எங்கேஜ் (அடி வாங்காமல் விலகுவது), டாட்ஜ் (தற்காப்பு) மூன்றைத் தவிர வேறு எதுவும் செய்யாது. அறிவுள்ள வாகனம் தன் இஷ்டப்படி நடக்கும், தன் இனிஷியேட்டிவிலேயே இருக்கும். இதற்குப் புத்தகம் டிராகனையே உதாரணம் காட்டுகிறது. வாடைக்கு விழுந்தது 19. தம்பிக்கு 7. நடுவில் 12-இல் எதிரி வார்லாக் என்ற மந்திரவாதி, தரையில்.

எங்கள் மேசையில் உயரத்துக்குத் தீப்பெட்டி. ஒரு பெட்டி 20 அடி. ஐந்து பெட்டி அடுக்கி, மேலே கேரம் சிவப்புக் காய், அதுதான் தம்பி. கோபுர உச்சி மூன்று பெட்டி உயரம். வாடை 40 அடி இறங்கி, கோபுரத்தில் நின்றவன் மேல் பாய்ந்து, 40 அடி திரும்ப ஏறினாள். தம்பி முந்தைய டர்னிலேயே ரெடி ஆக்ஷன் (இன்னது நடந்தால் உடனே இதைச் செய்வேன் என்று சொல்லிவைப்பது) எடுத்து வைத்திருந்ததால், கிட்டே போனதும் ஒரு வெட்டு வெட்டினான். ரியாக்ஷன், அதாவது தன் அடுத்த டர்ன் வரை கிடைக்கும் ஒரே எதிர்வினை, அதோடு காலி. அடுத்து வார்லாக்கின் எல்ட்ரிச் பிளாஸ்ட் என்ற மந்திர அடி, தள்ளிவிடும் ரகம். வாடை 10 அடி தள்ளப்பட்டாள். வாகனம் தன் விருப்பமில்லாமல் நகர்ந்தால் மேலே இருப்பவன் டிசி 10 டெக்ஸ் சேவ் (சுறுசுறுப்பால் தப்பிக்கும் உருட்டல், 10-ஆவது வர வேண்டும்) போட வேண்டும். அவன் உருட்டியது 6, கூட 2. மெதுவாக இறங்க வைக்கும் ஃபெதர் ஃபால் மந்திரம் கையில் இருந்தது, போட ரியாக்ஷன் இல்லை. 100 அடி விழுந்ததற்கு 10டி6 (ஆறு முகப் பகடை பத்து), மொத்தச் சேதம் 41. அவனிடம் இருந்த உயிர்ப்புள்ளி 37. மயங்கி விழுந்தவன் மேல் கீழே இருந்த இரண்டு ஓர்க்குகள் ஏறிவிட்டன.

நான் செய்தது தப்பா?

காசிமேட்டு வெண்கலம்:
அந்தத் தம்பி நான்தான். அண்ணன் மேல் கோபமில்லை, விதி மேல்தான் கோபம்.

வாடை மேல் ஏறிச் சண்டை போட்ட ஒவ்வொரு முறையும் இதே கதைதான். அவள் 19-இல் போய்விட்டு வந்துவிடுகிறாள். என் 7 வரும்போது வாளுக்கு எட்டிய தூரத்தில் யாரும் இல்லை. அதனால் ரெடி எடுக்கிறேன். ரெடி எடுத்தால் எக்ஸ்ட்ரா அட்டாக் கிடையாது, ஏனென்றால் அது என் டர்னில் மட்டும்தான். இரண்டு வெட்டு வெட்டுகிறவன் ஒரு வெட்டோடு நிற்கிறேன், ரியாக்ஷனும் போய்விடுகிறது. டிராகன் மேல் ஏறினால் ஃபைட்டர் பாதி ஆளாகிவிடுகிறான்.

எங்கள் அப்பா ஃபைபர் போட்டில் என்ஜின் பிடிப்பவர். அலை எழும்பும்போது அவர் போட்டைத் திருப்புவதும், வலை பிடித்தவர் காலை ஊன்றுவதும் ஒரே மூச்சில் நடக்கும். ஒருவர் முடிக்கட்டும் என்று இன்னொருவர் காத்திருந்தால் போட் கவிழ்ந்துவிடும். இரண்டு பேரும் ஒரே டர்னில் இருக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

பெரம்பூர் பகடை:
போட்டுக்கு மனசு கிடையாது தம்பி. டிராகனுக்கு உண்டு. அவள் உன்னை ஏற்றிக்கொள்வதே அவள் பார்த்துக் கொடுத்தது. உன் டர்னில் நீ சொன்னபடி அவள் ஆட வேண்டும் என்றால் வாடை எங்கே போனாள்? இறக்கை வைத்த குதிரைதான் மிச்சம்.

இன்னொரு விஷயம். இளம் வெண்கலத்தின் மின்னல் மூச்சு 60 அடிக் கோடு, 10டி10, சராசரி 55. அதை ஒரே ஆட்டக்காரர் தன் டர்னில் தன் வெட்டோடு சேர்த்து இறக்கினால் மற்றவர்களுக்கு என்ன வேலை? இது எங்கள் மேசையில் நடந்தது. ஒருவருக்கு டிராகனை முழுசாகக் கையில் கொடுத்தேன். மூன்றாவது வாரம் விஸார்ட் ஆடுகிறவர், "நான் டீ குடிக்கத்தான் வருகிறேன்" என்றார். நாலாவது வாரம் அவர் வரவில்லை. தப்பு என்னுடையது, இன்னும் உறுத்துகிறது.

விதி உன்னைத் தண்டிக்கவில்லை. கையில் ஈட்டியோ வில்லோ வைத்துக்கொண்டு ஏறியிருக்கலாம். லான்ஸ் என்ற நீள ஈட்டிக்கு எட்டும் தூரம் அதிகம், வாகனத்தில் இருந்தால் ஒரே கையில் பிடிக்கலாம்.

காசிமேட்டு வெண்கலம்:
லான்ஸ் 10 அடி எட்டும் அண்ணா. வாடை நிற்பது 40 அடி மேலே.

ராயபுரம் அக்கா:
இரண்டு பேரும் இரண்டு விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். வாடை யார் சொல்லைக் கேட்பாள் என்பது ஒரு கேள்வி. வாடை எப்போது நகருவாள் என்பது வேறு கேள்வி. புத்தகம் இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டது: அடங்கினால் உன் நேரம், அடங்காவிட்டால் அவள் நேரம். அந்த முடிச்சைத்தான் அவிழ்க்க வேண்டும். ஒரே எண்ணில் இருவரும் நகரலாம், அப்போதும் அவளை டிஎம்மே ஆட்டலாம். "இறங்கு" என்று நீ சொல்லலாம், "மாட்டேன்" என்று அவள் சொல்லலாம்.

பாத்ஃபைண்டர் என்ற இதே மாதிரி இன்னொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பில் பழக்கிய வாகனம் ஏறியவனுடைய இனிஷியேட்டிவில்தான் நகரும். அதை நகர்த்த உன் ஆக்ஷன் ஒன்றைச் செலவழிக்க வேண்டும். அடுத்தடுத்த அடிக்கு வரும் மைனஸும் இருவருக்கும் பொது. பெரம்பூர் அண்ணன் பயப்படும் விஷயத்துக்கு அங்கே மருந்து அதுதான்: சேர்ந்து ஆடலாம், ஆனால் சும்மா கிடைக்காது.

அப்புறம் சேணம். யாரும் அதைக் கேட்கவேயில்லை! பறக்கும் வாகனத்துக்கு எக்ஸாட்டிக் சேணம் கட்டாயம், 60 கோல்ட். ஆனால் விழாமல் உட்கார அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுப்பது) தருவது 20 கோல்ட் மிலிட்டரி சேணம். அதிலும் "செக்" (ஒன்றைச் செய்ய முயலும் உருட்டல்) என்றுதான் போட்டிருக்கிறது, தம்பி உருட்டியது "சேவ்". எழுத்துப்படி பார்த்தால் எந்தச் சேணமும் உதவாது. நூறடி உயரத்தில் வாரே இல்லாமல் யாராவது உட்காருவார்களா? என் மேசையில் எக்ஸாட்டிக் சேணத்தில் வார் உண்டு, சேவுக்கும் அட்வான்டேஜ் உண்டு. ஆனால் வாகனம் செத்து விழுந்தால் வாரை அறுக்க ஒரு ஆக்ஷன் ஆகும். கட்டிக்கொண்டவன் அந்த ஆபத்தையும் சேர்த்துத்தான் கட்டிக்கொள்கிறான்.

தண்டையார்பேட்டை டிஎம்:
அக்கா, சேணம் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு எல்லோரும் இனிஷியேட்டிவ் பற்றியே கத்திக்கொண்டிருந்தோம்.

என்னை உறுத்துவது இன்னொன்று. புத்தகத்தில் விழுந்தவன் "வாகனத்துக்கு 5 அடிக்குள் தரையில் கிடப்பான்" என்று இருக்கிறது. அது தரையில் நிற்கும் குதிரைக்கு எழுதிய வரி. வானத்தில் அந்த 5 அடியில் காற்றுதான் இருக்கிறது. சிவப்புக் காயை நான் தீப்பெட்டியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தபோது, வாடை பக்கத்திலேயே இருந்தாள். 80 அடி பறக்கிறவள். அவன் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள், அவள் டர்ன் முடிந்துவிட்டது என்பதற்காக. அது எனக்கே பொய்யாகப் பட்டது.

பெரம்பூர் பகடை:
அது நியாயம். அதை நான் மறுக்க மாட்டேன். அறிவுள்ளவள் என்றால் பாய்ந்து பிடிக்கப் பார்ப்பாள். அவளுக்கு மனசு உண்டு என்று நானே சொல்லிவிட்டு, விழும்போது மட்டும் மரம் மாதிரி நிற்கட்டும் என்று சொல்ல முடியாது.

ஆனால் விலை வையுங்கள். பிடிக்க அவளுடைய ரியாக்ஷன் போக வேண்டும், டெக்ஸ் சேவ் அவள் போட வேண்டும், வெற்றி பெற்றாலும் அடுத்த டர்னில் மின்னல் மூச்சு விடக் கூடாது. இனிஷியேட்டிவையும் ஒன்றாக்குங்கள், சரி. குறைந்த எண்ணுக்கு இருவரும் இறங்கட்டும், 19-க்கு ஏற வேண்டாம். வாடையின் ஆக்ஷனை டிஎம்தான் ஆட்ட வேண்டும். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

ராயபுரம் அக்கா:
குறைந்த எண்ணுக்கு எனக்குச் சம்மதம். மூச்சைத் தடுப்பது அதிகம். ரியாக்ஷன் போதும், அவளுக்குக் கிடைப்பதே ஒன்றுதான்.

தண்டையார்பேட்டை டிஎம்:
வரும் ஞாயிறு: ஒரே இனிஷியேட்டிவ், குறைந்த எண். ஆக்ஷன் என் கையில். வார் போட்ட சேணத்துக்கு அட்வான்டேஜ். பிடிக்க ரியாக்ஷனும் டிசி 15 சேவும். மூச்சு பற்றி ஆடிப் பார்த்துச் சொல்கிறேன். தம்பி, போன வாரச் சண்டையை அழித்துவிட்டுத் திரும்ப ஆடலாமா? நீ சொன்னால் செய்கிறேன்.

காசிமேட்டு வெண்கலம்:
வேண்டாம் அண்ணா. அவன் விழுந்ததை எல்லோரும் பார்த்தோம், விழுந்ததாகவே இருக்கட்டும். அவனுடைய தங்கச்சி என்று புது கேரக்டர் ஷீட் போட்டிருக்கிறேன், சேணத்தோடு. வாடை அவளை ஏற்றிக்கொள்வாளா மாட்டாளா என்பதை நீங்களே உருட்டிச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் நடந்தே வருவாள்.